மாயாஹீ என்பது தேமாங்காய்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது 63. கும்பகோணம் பக்கம். கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி (எட்டாம் வகுப்பு) போனில் ஒரு வெளிநாட்டுப் பாட்டை நாளைக்கு முப்பது தடவையாவது போட்டு ஆடினாள். என்னையும் கையைப் பிடித்து ஆடவைத்தாள். 'மாயாஹீ, மாயாஹூ' என்று ஆரம்பிக்கும். நடுவில் 'நும நும யேய்' என்று வரும். அது எந்த மொழி என்று அவளுக்கும் தெரியவில்லை. அவள் ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது, பாட்டு போகவில்லை. விடியற்காலையில் திருவாசகம் சொல்ல உட்கார்ந்தால், சிவபுராணம் பாதி தாண்டுவதற்குள் 'நும நும' வந்து நிற்கிறது. பொருளுணர்ந்து சொல்லச் சொன்னார் மாணிக்கவாசகர். நானும் முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளிடம் அதையேதான் சொன்னேன். பொருளே தெரியாத ஒன்று எப்படி இப்படிப் பிடித்துக்கொள்ளும்? பேத்திக்கு இது போதை மாதிரி ஆகிவிடுமா? என் தலையிலிருந்து இதை இறக்க வழி உண்டா?

அம்மாவுக்கு வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வருடமாகச் சென்னை ஸ்டுடியோக்களில் கீபோர்டு புரோகிராமர். அடுத்தவர் தலையில் பாட்டை ஏற்றுவதுதான் என் பிழைப்பு. இறக்க வழி கேட்டு எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது.

பாட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. 'மாயாஹீ' என்று படித்ததுமே எனக்கும் ஓட ஆரம்பித்துவிட்டது. அது ருமேனிய மொழி. பாட்டின் பெயர் 'ட்ராகோஸ்தேயா தின் தேய்'. பாடியவர்கள் ஓ-ஸோன் என்ற மூன்று பேர் குழு, ருமேனியாவை ஒட்டியிருக்கும் மால்டோவா என்ற சின்ன நாட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவரான டான் பாலான் எழுதியது. 2003இல் வந்தது. அடுத்த வருடம் ஜெர்மனியில் 14 வாரம், பிரான்ஸில் 15 வாரம் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. அங்கே கேட்டவர்களில் பெரும்பாலோருக்கும் உங்களைப் போலவே ஒரு சொல்கூடப் புரியாது. அதே வருட டிசம்பரில் நியூஜெர்சி இளைஞர் ஒருவர் வெப்கேம் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டி, வாயசைத்து ஒரு வீடியோ போட்டார். யூடியூப் அப்போது தொடங்கப்படவே இல்லை. ஆனாலும் அந்த வீடியோ உலகம் சுற்றியது. 2008இல் அமெரிக்க ராப் பாடகர் டி.ஐ., பாடகி ரியானா இருவரும் தங்கள் பாட்டு ஒன்றில் இந்த மெட்டை எடுத்துப் போட, அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. உங்கள் பேத்தி பிறப்பதற்கு முன்பே ஊர் ஊராகப் பிடித்து ஆட்டிய பாட்டு இது. கும்பகோணத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பொருள் தெரியாத ஒன்று எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள் தெரியாததாலேயே பிடித்துக்கொண்டது என்பதுதான் என் எண்ணம். ஒரு தமிழாசிரியையிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் ஸ்டுடியோவில் இதைத் தினமும் பார்க்கிறேன்.

மெட்டு போடும்போது வரி இருக்காது. இசையமைப்பாளர் 'தன்னன தானன' என்று தத்தகாரம் பாடுவார், அல்லது வாய்க்கு வந்த எதையாவது போட்டு நிரப்புவார். டம்மி வரி என்போம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு படத்துக்கு இப்படி டம்மி வைத்து ட்ராக் பாடி அனுப்பினோம். பல்லவியில் இருந்தது 'ஜிலாப்பி லாப்பி லே' என்ற மாதிரி ஒன்று; அர்த்தம் பூஜ்யம். யூனிட்டில் கார் டிரைவர் வரைக்கும் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு நல்ல கவிஞர் ஒருவர் நிஜமாகவே அழகான வரி எழுதிக் கொடுத்தார். பதிவு செய்து போட்டுக் காட்டினோம். அறையில் யாரும் தலையாட்டவில்லை. தயாரிப்பாளர் கேட்டார்: "பாட்டுக்கு என்னப்பா ஆச்சு?" பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மெட்டு, அதே தாளம். வரி வந்ததும் எல்லோரும் வரியைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 'நிலா' என்று ஒரு சொல் வந்தால் மனசு நிலாவைப் பார்க்கப் போய்விடுகிறது. 'லாப்பி'க்குப் போக இடம் இல்லை. அது நாக்கிலேயே நிற்கிறது.

நீங்களே இதற்குச் சாட்சி. உங்கள் வயதை வைத்துச் சொல்கிறேன், கல்லூரிச் சுற்றுலா பஸ்ஸில் 'சுராங்கனி' பாடாமல் வந்திருக்க மாட்டீர்கள். சிலோன் மனோகர் இங்கே கொண்டுவந்து பரப்பிய சிங்களப் பைலா அது. நாம் எல்லோரும் 'மாலு கண்ணா வா' என்றுதான் பாடினோம். யாரோ ஒரு கண்ணனை அழைப்பதாகவே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அசல் 'மாலு கெனாவா'. மாலு என்றால் மீன், கெனாவா என்றால் கொண்டுவந்தேன். சுராங்கனிக்கு மீன் வந்திருக்கிறது, அவ்வளவுதான் சேதி. அந்த மீனைப் பற்றித் தெரியாமலே ஒரு தலைமுறை கை தட்டிப் பாடியது.

புரியாத பாட்டைக் காது சும்மா விடுவதில்லை. தனக்குத் தெரிந்த மொழியை அதன்மேல் போர்த்திப் பார்க்கும். இந்த ருமேனியப் பாட்டு ஜப்பானுக்குப் போனபோது அங்கே 'நும நும யேய்' என்பது 'நோமா நோமா யேய்' என்று கேட்டது. ஜப்பானிய மொழியில் நோமு என்றால் குடிப்பது. குடி, குடி என்று பூனைகள் ஆடும் அனிமேஷன் ஒன்று அங்கே பரவி, பாட்டும் பெரிய ஹிட்டானது. எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 2000இல் வந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்தில் பிரபுதேவா ஆடும் 'கல்லூரி வானில் காய்ந்த நிலாவோ' பாட்டுக்கு, 2007இல் ஓர் அமெரிக்கர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் சப்டைட்டில் போட்டார். 'காய்ந்த நிலாவோ' அவருக்கு 'ஃபைன், பென்னி லாவா' என்று கேட்டிருக்கிறது. தமிழே தெரியாத கூட்டம் ஒன்று பிரபுதேவாவை இன்றைக்கும் பென்னி லாவா என்றுதான் சொல்கிறது. நாம் கண்ணனைக் கூப்பிட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கேட்கிறவர் காதால் பாதிப் பாட்டைத் தானே எழுதிவிடுகிறார். தானே எழுதியதை யாரால் எளிதில் மறக்க முடியும்? உங்கள் கடிதத்தில் 'நும' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். 'நும்', 'நுமர்' என்று சங்கப்பாட்டில் வருவது ஏதாவது உங்கள் காதில் விழுந்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இந்தப் பாட்டைப் பிரித்துப் பார்த்தேன். ட்யூனுக்கு வரி எழுத வரும் கவிஞர்கள் புண்ணியத்தில் எனக்குக் கொஞ்சம் அசை பிரிக்க வரும். மா, யா, ஹீ. நேர், நேர், நேர். தேமாங்காய்! அடுத்து வரும் மாயாஹூவும் தேமாங்காய். காய்க்கு முன் நேர் வருகிறது, வெண்சீர் வெண்டளை. மால்டோவாக்காரர் ஒருவர் தளை தட்டாமல் எழுதியிருக்கிறார். பிறகு வரும் 'நும நும யேய்' நிரை, நிரை, நேர், கருவிளங்காய். முன்பாதி முழுக்க நீட்டி நீட்டி இழுத்துவிட்டு, பின்பாதியில் குறிலாகப் பொரிகிறது. பிழை இருந்தால் திருத்துங்கள், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒலியில் நீளமும் குறுக்கமும் மாறி வருவதுதான் இந்தப் பாட்டின் முதல் பிடி. எழுத்துகளையும் பாருங்கள்: ம, ய, ந. இவற்றைச் சொல்லத் திணறும் நாக்கு உலகத்தில் அரிது. குழந்தை முதலில் பிடிக்கும் ஒலிகளில் மகரமும் ஒன்று. ருமேனிய மொழியின் கடினமான கூட்டெழுத்துகள் எல்லாம் சரணத்தில் இருக்கின்றன. அந்த இடத்தில் உங்கள் பேத்தி வாயை மூடிக்கொண்டு ஆடியிருப்பாள். பல்லவி வந்ததும் திறந்திருப்பாள்.

அந்தப் பல்லவியில் இன்னொரு வேலையும் இருக்கிறது. 'நும நும யேய்' ஒருமுறை வருகிறது. அதே மாதிரி இன்னொருமுறை. மூன்றாவது முறை 'நும நும நும யேய்'. இரண்டு, இரண்டு, மூன்று. மிருதங்கக்காரர் ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்துத் தீர்மானம் வைக்கும்போது மூன்றாம் சுற்றுக்கு நாம் தயாராக உட்கார்ந்திருப்போம் இல்லையா, அந்த நேரத்தில் அவர் ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டால் சபையில் 'ஆஹா' எழும். அதேதான். இரண்டு முறை காட்டிப் பழக்கி, மூன்றாவதில் ஒரே ஒரு அடி நீட்டுகிறார்கள். மூளை கணக்குப் போட்டு வைத்திருந்தது கொஞ்சமாகத் தவறுகிறது. முழுதாகத் தவறினால் எரிச்சல்தான் வரும். இந்த அளவுக்குத் தவறினால் சந்தோஷம். 2014இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிரம்ஸ் தாளங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ரொம்ப ஒழுங்கான தாளம் ஆடத் தூண்டவில்லை, ரொம்பச் சிக்கலானதும் தூண்டவில்லை. நடுத்தரமாக இடறும் தாளம்தான் உடம்பை அசைத்தது. எங்கள் ஆட்கள் இதை ஆய்வு இல்லாமலே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் எழுதி வைக்கவில்லை.

கீழே ஓடும் தாளம் சாதாரணம். நிமிடத்துக்குச் சுமார் 130 அடி, ஒவ்வொரு அடிக்கும் கிக் டிரம் 'தம்' என்று விழும். விறுவிறு என்று நடப்பவரின் கால் வேகம் 120 பக்கம் இருக்கும். இது அதற்கு ஒரு படி மேலே. மூட்டுவலி இருந்தாலும் கால் கேட்காது. கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) நாலுதான், சுற்றிச் சுற்றி வரும். அது தெரிந்த சமாசாரம், ஆயிரம் பாட்டில் இருக்கிறது. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

திரும்பத் திரும்ப வருவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் டயானா டாய்ட்ச் என்ற இசை உளவியல் பேராசிரியர் 1995இல் ஒரு ஒலிப்பதிவைச் சரிசெய்துகொண்டிருந்தார். தான் பேசியதில் நாலு சொல்லை மட்டும் வெட்டி லூப்பில் ஓடவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் யாரோ பாடுவது போல இருந்தது. பாடியது யாரும் இல்லை. அவர் பேசிய அந்த நாலு சொல்தான். திருப்பித் திருப்பிக் கேட்டதில் பேச்சு பாட்டாகிவிட்டது. இதை நீங்கள் வகுப்பறையில் கேட்டே பழகியிருப்பீர்கள். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து வாய்பாடு சொல்லும்போது 'ஈரெண்டு நாலு' மூன்றாம் வரிக்குள் ராகம் பிடித்துக்கொள்ளும். யாரும் மெட்டுப் போட்டுக் கொடுத்ததில்லை.

அதைவிட உங்கள் கேள்விக்கு நெருக்கமானது ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் வெளியிட்ட சோதனை. துருக்கிச் சொல் மாதிரி ஒலிக்கும் வெற்றுச் சொற்களைச் சிலருக்குக் காட்டினார். சில சொற்களை ஓரிரு முறை, சிலவற்றைப் பலமுறை. பிறகு, இந்தச் சொல்லுக்கு நல்ல அர்த்தம் இருக்குமா, கெட்ட அர்த்தம் இருக்குமா, ஊகியுங்கள் என்றார். அதிகம் பார்த்த சொல்லுக்கு நல்ல அர்த்தம்தான் இருக்கும் என்றார்கள். ஒரு சொல்லும் புரியாத இடத்தில் பழக்கமே பிரியமாகிவிட்டது. நாளைக்கு முப்பது தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் நிற்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. புரியாத மொழி என்பதற்காக எந்தப் பாட்டும் ஒட்டிக்கொள்ளாது. ருமேனிய மொழியில் அந்த வருடம் வந்த மற்ற பாட்டுகளை நாம் யாரும் முணுமுணுப்பதில்லை. மெட்டில் சரக்கு இருக்க வேண்டும், யாரோ விடாமல் போட்டுக் காட்டவும் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த இரண்டாவது வேலையைப் பேத்தி பார்த்திருக்கிறாள்.

பாட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். இத்தாலியின் அட்ரியானோ செலன்டானோ 1972இலேயே, காதுக்கு ஆங்கிலம் போலக் கேட்கும், ஆனால் எந்த மொழியும் இல்லாத ஒரு பாட்டைப் பாடி வெற்றி பெற்றார். 2002இல் ஸ்பெயினின் கோர்டோபாவைச் சேர்ந்த லாஸ் கெச்சப் சகோதரிகள் பாடிய 'அசெரெஹே' இன்னும் சுவாரஸ்யம். ஆங்கிலம் தெரியாத டியேகோ என்ற ஒருவன் தனக்குப் பிடித்த ஆங்கில ராப் பாட்டைக் காதில் விழுந்தபடி உளறுகிறான். அந்த உளறல்தான் பல்லவி. அந்தப் பல்லவியை ஸ்பானிஷ் தெரியாதவர்கள் நாடு நாடாகப் பாடினார்கள். உளறலை உளறியது மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு அது. எங்கள் தொழிலின் ரகசியத்தைப் பாட்டுக்குள்ளேயே போட்டு உடைத்துவிட்டார்கள்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். போதை என்று எழுதியிருக்கிறீர்கள். மான்ட்ரியலில் 2011இல் நடந்த ஆய்வு ஒன்றில், பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமின் என்ற ரசாயனம் சுரப்பதைப் பார்த்தார்கள். உச்சமான இடம் வரும்போது மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே சுரக்கிறது. பத்திரிகைகள் உடனே 'பாட்டும் போதைதான்' என்று தலைப்புப் போட்டுவிடுகின்றன. பசிக்குச் சாப்பிடும்போதும் அதே டோபமின்தான் வேலை செய்கிறது. பதிமூன்று வயதுப் பெண் ஒரு பாட்டை முப்பது முறை போட்டு ஆடினால், அவள் பாட்டின் அடுத்த அடியை முன்கூட்டியே அறிந்து அங்கே காலைக் கொண்டுபோய் வைக்கும் சுகத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று அர்த்தம். சில வாரத்தில் அலுத்து அடுத்த பாட்டுக்குப் போவாள். நீங்கள் கவனிக்க வேண்டியது பாட்டை அல்ல, போனை. ஆடினால் பரவாயில்லை. ஆடாமல், தூங்காமல், பதினைந்து பதினைந்து விநாடித் துண்டுகளாக விரலால் தள்ளிக்கொண்டே இருந்தால் அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இனி உங்கள் தலைக்கு. இந்தத் தொல்லைக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர் காதுப்புழு. அதைத்தான் இப்போது உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். விரட்ட விரட்ட நெளியும். ஆகவே 'நும நும' வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தாதீர்கள். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2015இல் ஒரு எளிய வழியைச் சோதித்தார்கள்: சூயிங்கம். வாய் மென்றுகொண்டிருந்தால் மண்டைக்குள் பாட்டு ஓடுவது குறைந்தது. மனசுக்குள் பாடும்போதும் நாக்கும் தாடையும் ரகசியமாகக் கூடவே பாடுகின்றன. அவற்றுக்கு வேறு வேலை கொடுத்தால் பாட்டு தடுமாறுகிறது. வெற்றிலையை யாரும் சோதிக்கவில்லை. உங்களுக்குப் பழக்கம் இருந்தால் நீங்களே சோதித்து எனக்கு எழுதுங்கள். பூஜைக்கு முன்னால் வேண்டாம் என்றால் குறுக்கெழுத்துப் போடலாம், ரொம்பச் சுலபமும் இல்லாமல் ரொம்பக் கடினமும் இல்லாமல். திருவாசகத்தை மனசுக்குள் சொல்கிறீர்களா, வாய்விட்டா? மனசுக்குள் என்றால் இந்த ஒரு மாதம் வாய்விட்டு ராகத்தோடு சொல்லுங்கள். ஒரே வாயில் இரண்டு பாட்டு ஓடாது.

இன்னொன்று, பாதியில் விட்ட பாட்டுதான் அதிகம் சுற்றும் என்பது என் அனுபவம். உங்கள் தலைக்குள் ஓடுவது பல்லவி மட்டும்தான், இல்லையா? ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை, மூன்றரை நிமிடமும் ஒருதரம் கேட்டுவிடுங்கள்.

கேட்கும்போது பொருளும் தெரிந்திருக்கட்டும். நான் கடைசியாக வைத்திருந்த மருந்து அதுதான். மாயாஹீக்குப் பொருள் கிடையாது, அது நம் தானானே. அதற்குப் பிறகு ஒருவன் தன் காதலிக்கு போன் பண்ணுகிறான். ஹலோ, நான்தான், ஒரு ஹைதுக் என்கிறான். ஹைதுக் என்றால் அந்தப் பக்கத்துக் காட்டுக் கொள்ளைக்காரன், ஜனங்களுக்கு நல்லவன். உனக்கு ஒரு 'பீப்' கொடுத்தேன் என்கிறான். அதாவது மிஸ்டு கால்! 2003இல் காசில்லாத காதலன் அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறான். நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை என்றும் சொல்கிறான். தேய் என்பது லிண்டன் மரம், ஐரோப்பாவில் சாலையோரங்களில் நிற்கும், பூத்தால் தெருவே மணக்கும். அந்த மரத்தடிக் காதலும் உன் முகமும் உன் கண்களை நினைவூட்டுகின்றன என்கிறான். பிறகு உங்களைத் தூங்கவிடாத வரி. நு என்றால் இல்லை, ம என்றால் என்னை, யேய் என்றால் எடுத்துக்கொள்கிறாய். நீ போகப் பார்க்கிறாய், என்னை, என்னைக் கூட்டிப்போகாமல்.

பாலைத்திணை, அம்மா. உடன்கொண்டு போகாத பிரிவு. நம் தலைவி கேட்டதை அங்கே ஒரு ஆண்பிள்ளை கேட்கிறான், அதுவும் நிமிடத்துக்கு 130 அடி வேகத்தில். இது தெரிந்தபிறகு எனக்குப் பாட்டின் வேகம் பாதியாகக் குறைந்தது. எடிட் பண்ணும்போது 'நும' வந்தால் இப்போதெல்லாம் லிண்டன் மரமும் மிஸ்டு காலும் நினைவுக்கு வருகின்றன. சுற்று அங்கேயே அறுந்துவிடுகிறது. உங்களுக்கும் அப்படி ஆகுமா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள். தூக்கமே கெடுகிறது, விடவே மாட்டேன் என்கிறது என்றால் என்னை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பேத்திக்கு இந்தப் பொருளை உடனே சொல்லாதீர்கள், ஆடுகிற வரைக்கும் ஆடட்டும். அடுத்த லீவுக்கு வரும்போது நீங்கள் சுராங்கனியைக் கற்றுக்கொடுங்கள். மீன் சமாசாரத்தை அவள் ரயில் ஏறியபிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம்.